வலது பக்க இருக்கை

பெங்களூரில் உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படித்து, உரிமம் வாங்கி, ஃப்ளோரா ஒரு சின்ன விமானக் கம்பெனியில், கேப்டனுக்கு வலது பக்கம் அமரும் துணை விமானியாகச் சேர்ந்தாள். அது தொண்ணூற்றைந்தாம் வருடம். அவளுடைய அப்பா ஜெயகரன் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜை இயக்குபவர். அவர் ஆட்களைப் பூமிக்குள் இறக்குகிறார், மகள் ஆகாயத்தில் ஏற்றுகிறாளாம் என்று ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் சிரித்தார்கள்.

அவள் ஓட்டியது மங்களூருக்கும் ஹூப்ளிக்கும் பறக்கும் புரொப்பெல்லர் விமானம். சம்பளம் சுமார்தான். ஆனாலும் அந்த வேலைக்குப் போட்டி இருந்தது. ஒரு பெரிய கம்பெனியோடு அவர்களுக்கு ஒப்பந்தம் உண்டு. குறிப்பிட்ட மணிநேரம் பறந்து முடித்த துணை விமானிகளைப் பெரிய கம்பெனி புதிதாகத் தேர்வு வைக்காமல் ஜெட் விமானத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஃப்ளோரா அதை நம்பித்தான் மழையிலும் மேகத்திலும் பறந்தாள்.

இன்னும் சில மாதங்களே பாக்கி இருந்தபோது சின்ன கம்பெனி மூடப்பட்டது. கம்பெனியோடு ஒப்பந்தமும் போயிற்று.

ஃப்ளோரா பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் நாள் அம்மா பாக்கியவதி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“ஸ்கூல்ல கணக்கு டீச்சர் வேலை காலியா இருக்குதாம். நம்ம ஊர்லயே இருந்துடேன்மா.”

“எனக்குத் தெரிஞ்ச வேலை பிளேன் ஓட்றதும்மா. அத வுட்டுட்டு இன்னா பண்றது?”

பறக்காமல் இருந்தால் உரிமம் செல்லாமல் போய்விடும். அதனால் அவள் பயிற்சியாளர் உரிமத்துக்குப் படித்து, வெளியூரில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப் ஒன்றில் சேர்ந்தாள். இரண்டு பேர் மட்டும் உட்காரும் விமானத்தில் வலது பக்கம் அமர்ந்து, வியர்த்து நடுங்கும் பையன்களுக்குத் தரையிறக்கக் கற்றுக்கொடுத்தாள். மாணவர்கள் பறந்த நேரம் அவள் கணக்கிலும் ஏறியது. அவர்களில் பங்காருபேட்டை ரயில்வே கார்டு மகன் சுனில் கெட்டிக்காரன்.

இரண்டாயிரத்தில் பெரிய கம்பெனி ஆள் எடுத்தது. ஃப்ளோரா நேரில் போய்ப் பழைய ஒப்பந்தத்தைச் சொன்னாள். அதிகாரி மரியாதையாகவே பேசினார். அந்த ஒப்பந்தம் இனிச் செல்லாது, புதியவர்களோடு தேர்வு எழுதத்தான் வேண்டும் என்றார். பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலை வேண்டுமானால் உடனே தரலாம் என்றும் சொன்னார்.

“வேணாம் சார். தேர்வே எழுதறேன்” என்று எழுந்துவிட்டாள்.

தேர்வு அறையில் அவளுக்குப் பக்கத்து மேசையில் சுனில் இருந்தான். எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினார்கள். நிஜ விமானி அறைபோலவே தரையில் இயங்கும் சிமுலேட்டரில்தான் அவள் சறுக்கினாள். புரொப்பெல்லர் விமானத்தில் இன்ஜின் விசையைக் குறைத்ததும் வேகம் அடங்கும். ஜெட் அப்படி அடங்கவில்லை. அவள் சுதாரிப்பதற்குள் ஓடுதளம் காலடியில் வழுக்கிக்கொண்டு போனது.

சுனில் தேர்வானான். அங்கே கேப்டன் ஆகும் வாய்ப்பு, அதற்கான தேர்வில் தேறினாலும், சேர்ந்த தேதி வரிசைப்படிதான் வரும். அவள் பிறகு சேர்ந்தாலும், அவளிடம் படித்தவன் இனி என்றைக்கும் அவளுக்கு சீனியர். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. ஆனால் பயிற்சி முடிந்த சுனில் லீவில் வந்தபோது, அவளும் லீவு போட்டு ஊருக்கு வந்து அவனை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

“எனக்கு ஜெட் சொல்லிக்குடு சுனில்.”

அவன் திகைத்தான். “நான் எப்படி மேடம், உங்களுக்கு?”

“உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. அவ்ளோதான்.”

விமானி அறையின் பெரிய படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே இரண்டு நாற்காலிகளைப் போட்டார்கள். எந்த உயரத்தில் எந்த வேகம், எப்போது கேப்டனிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று சுனில் கேட்கக் கேட்க, அவள் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பதில் சொன்னாள். பிந்தினால் அவன் விடாமல் மறுபடி ஆரம்பிப்பான். அவன் வராத நாட்களில் பக்கத்து நாற்காலியில் பாக்கியவதி உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்து, “லேட்டும்மா, திரும்பச் சொல்லு” என்று கண்டிப்பாகச் சொல்லப் பழகியிருந்தாள்.

பெரிய கம்பெனி மறுபடி ஆள் எடுத்தபோது, இரண்டாம் முறை சிமுலேட்டரில் ஃப்ளோரா முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாள். சக்கரம் ஓடுதளக் கோட்டில் இறங்கியது. தேர்வாளர் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.

அவளுக்குச் சேரும்படி உத்தரவு வந்த சில நாட்களில் சுரங்கத்தை மூடினார்கள். ஜெயகரன் கடைசி ஷிப்டை முடித்து வந்து சுரங்கத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இரண்டாயிரத்து ஒன்று மார்ச்சில், பயிற்சிக்குப் போகும் மகளை ரயில் ஏற்ற அவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் ஃப்ளோரா பயணிகளோடு பம்பாய்க்கு ஜெட்டில் பறந்தாள். விமான நிலைய வண்டியில் எதிர்ப்பட்ட சுனில் வழக்கம்போல “மேடம்” என்று எழுந்தான்.

“உக்காரு. இங்க நீதான் சீனியர்” என்றாள்.

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். அடுத்த மாதமே, கேப்டன் ஆவதற்கான தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.