ஷட்டருக்குள் நின்ற தேசம்மா

கேமரா பையைத் திறந்தால் இன்னும் உரத் தண்ணீர் வாடை வருகிறது. ஈரப் பஞ்சு, கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் கொத்தமல்லி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைக்கு அடுத்த ஷெட்டில், மண்ணும் வெயிலும் இல்லாமல் கீரை வளர்க்கிறார்கள். அடுக்கடுக்காக ட்ரே, ஊதா விளக்கு, குழாயில் ஓடும் சாப்பாடு. உணவின் எதிர்காலம் பற்றிய ஒரு புகைப்படக் கண்காட்சிக்காகப் படமெடுக்கப் போனேன்.

மேனேஜர் ஒரே நிபந்தனை போட்டார். "ஃபிரேம்ல ஆளே இருக்கக் கூடாது சார். ஃபியூச்சர்னா அதான்."

"கொஞ்ச நேரம் வேலையை நிறுத்துவீங்களா?"

"லோடு போவணும் சார். முடியாது."

இதற்குத் தொழிலில் வழி உண்டு. கேமராவை ட்ரைபாடில் ஏற்றி, லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர் மாட்டி, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்து வைப்போம். அசையாதது பதியும். நடமாடுகிறவர்கள் கரைந்துபோவார்கள். ஏழெட்டுப் பெண்கள் குறுக்கும் நெடுக்கும் ட்ரே தூக்கினார்கள். படத்தில் ஒருவரும் இல்லை. கீரை தானே விளைந்து, தானே நடந்து லாரி ஏறியது போலிருந்தது.

நாற்று ட்ரே பார்த்துக்கொள்ளும் தேசம்மா திரையை எட்டிப் பார்த்தார். முன்பு கூலிக்கு நடவு நட்டவர்.

"இன்னா சார், எங்கள யாரையுமே காணோம்?"

விளக்கினேன்.

"அப்போ நின்னா படத்துல உழுவோமா?"

"விழுவீங்க. ஏன்?"

"கம்பெனில வெவசாயம் பண்றேன்னா எங்க ஊட்டுக்காரு நம்ப மாட்டேன்றாரு. நான் தரை பெருக்கத்தான் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. போனை கேட்லயே வாங்கி வச்சிக்கிறாங்கோ. ஒரு படம் இருந்தா வாய மூடிப்பாரு."

அடுத்த முறை ஷட்டர் திறந்ததும் தேசம்மா நாற்று ட்ரேயோடு நட்டநடுவில் நின்றார். மூச்சுகூட விட்டதாகத் தெரியவில்லை. பாதியில் சூப்பர்வைசர் குரல் வந்தது.

"இன்னா தேசம்மா, செலையாட்டம் நிக்கிற? நட."

நடந்துவிட்டார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: இந்த முறையில் வேலை செய்கிறவர் படத்தில் தெரிய, வேலையை நிறுத்த வேண்டும். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. கண்காட்சிக்கு ஆளில்லாத படம்தான் போனது. பலரும் அமைதியாக இருக்கிறது என்றார்கள்.

படமெடுத்த அன்றே ஷிப்ட் முடிந்து, கேட்டில் போன் கைக்கு வந்ததும், தேசம்மாவுக்கு அவர் நின்ற படத்தை அனுப்பினேன். முகமும் ட்ரேயும் தெரிந்தன. அவர் வயிற்றினூடே பின்னாலிருந்த கீரை அடுக்கும் தெரிந்தது.

"இன்னா சார், எனுக்குள்ளயே கீர மொளச்சிக்கினு கீது?"

"பாதி நேரம்தாம்மா நின்னீங்க."

"பேயின்னு சொல்லுவாரு எங்க ஊட்டுக்காரு." கம்பெனி பஸ்ஸில் கால் வைத்தவர் திரும்பினார். "சொல்லிக்கட்டும் சார். கையில தொடப்பம் இல்ல பாருங்கோ."