உள்ளங்கைப் புள்ளிகள்

ராஜபாளையத்தில் பேன்டேஜ் துணித் தறி ஓட்டும் முனீஸ்வரியின் உள்ளங்கைகளில் செம்பு நிறப் புள்ளிகள் வந்தபோது வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. சூப்பர்வைசர் பஞ்சுத் தூசி என்றார். பக்கத்துத் தறி சுந்தரம்மாள், "ஏட்டி, கத்திரிக்காயக் கொறைச்சுக்கோ" என்றாள். மருந்துக்கடைக்காரர் கையைப் பார்க்காமலே களிம்பை நீட்டினார்.

நிபுணர்களில் பெரியவர் கணவன் பாண்டிதுரைதான். லோடு ஆட்டோ ஓட்டுபவன். இருவருமே பல வருடங்களாக எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள். "எல்லாம் மாத்திரைச் சூடு. கொஞ்ச நாள் நிப்பாட்டிப் பாரு" என்றான். எச்.ஐ.வி.யை வீட்டுக்குக் கொண்டுவந்தவரே வைத்தியமும் சொல்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

முனீஸ்வரி மாத்திரையை நிறுத்தவில்லை. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனாள்.

"அரிக்குதாம்மா?"

"இல்லீங்க. வலியும் இல்ல."

"பாதத்தைக் காட்டுங்க."

அங்கேயும் புள்ளிகள்.

"அரிப்பில்லாம கையிலயும் பாதத்துலயும் இப்படி வந்தா சிபிலிஸான்னு பார்க்கணும். உடலுறவுல தொத்துற நோய். எச்.ஐ.வி. மாத்திரை இதைத் தடுக்காது."

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. பென்சிலின் ஊசி போட்டார்கள்.

"வீட்டுக்காரரும் வரணும். இல்லன்னா உங்களுக்குத் திரும்பத் தொத்தும்."

"எனக்கு மில்லை விட்டா வீடு. பஞ்சுத் தூசியில வராதுல்ல டாக்டர்?"

"வராதும்மா." அதற்கு மேல் சொல்லாத நாகரிகம் அவருக்கு இருந்தது.

வீட்டில் பாண்டிதுரை ஸ்டூலில் கால் நீட்டி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பாதத்திலும் ரிமோட் பிடித்த உள்ளங்கையிலும் அதே புள்ளிகள்.

"இது என்னங்க?"

"செருப்புக் கடி."

"கையிலயும் செருப்புப் போடுதியளோ?"

அவள் டிவியை அணைத்த பிறகுதான் பதில் வந்தது. வெளியூர் லோடு போன இடத்துப் பழக்கமாம். பிறகு மறைவிடத்தில் வலியில்லாத புண் ஒன்று வந்து, தானாக ஆறியதாம். மடவார் வளாகக் கோயில் சாமியை வேண்டிக்கொண்டானாம். மருந்தில்லாமல் ஆறுவது அந்தப் புண்ணின் குணம். புண் போனாலும் நோய் போகாது. பாவம், புகழ் சாமிக்குப் போயிருந்தது.

முனீஸ்வரி அழவில்லை. மறுநாள் அவனைக் கையோடு கூட்டிப்போனாள். ஊசிக்கு அந்த வீரர் போட்ட சத்தம் வராண்டா வரை கேட்டது.

திரும்பும் வழியில் மெல்லக் கேட்டான்: "யார்ட்டயும் சொல்லிர மாட்டேல்ல?"

"சொல்லல. ஆனா இனிமே ஒறை இல்லாமப் பக்கத்துல வராதிய. அதுவும் நான் கூப்பிட்டாத்தான்."

புள்ளிகள் மெல்ல மங்கி மறைந்தன. மறு ரத்தப் பரிசோதனைக்கு அவளோடு அவனும் போனான். முனீஸ்வரி இதுவரை கூப்பிடவில்லை.