தண்ணீர் குறைய வேண்டும் என்று நினைத்தவள்

முத்துசெல்வியால் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தபடியேதான் சாப்பிடுவாள். கடையத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் இதற்காக நிறைய அடி வாங்கியிருக்கிறாள். கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் வேலையில் சேர்ந்தாள். எதிரே அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு வருஷத்தில் அதை விட்டுவிட்டுச் சொந்தக் கேமராவோடு கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே அந்தப் பரபரப்பே கைகொடுத்தது. தாலி கட்டும் நேரத்தில் மேடையின் நாலு மூலையிலும் அவள்தான் இருப்பாள்.

அவளுடைய முப்பத்தெட்டாவது வயதில், ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அக்கா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஆர்மீனியாவில் ஒரு பழைய மடாலயம். விரலால் தள்ளினால் படம் சுழன்றது. மேலே தள்ளினால் கூரை, கீழே தள்ளினால் தேய்ந்த கல் தரை. முழுசாகத் திருப்பினால் பின்பக்க வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. முத்துசெல்வியால் அந்த நாயை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பதினாலு வருஷமாகப் படம் எடுக்கிறாள். தன் முதுகுக்குப் பின்னால் இருந்த எதுவும் ஒரு படத்திலும் வந்ததில்லை.

அது பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிற வேலை. வருஷத்தில் மூன்று முறை ஒரு சனி, ஞாயிறைக் குறிப்பார்கள். அந்த இரண்டு நாளுக்குள் அவரவர் ஊர்ப் பக்கம் இருக்கும் பழமையான ஓர் இடத்தைச் சுற்று முழுவதும் படமெடுத்து அனுப்ப வேண்டும். ஆளுக்கு ஒரே படம். சம்பளம் கிடையாது. வந்த படங்களையெல்லாம் ஒரு உலக வரைபடத்தில் வைத்து இணையத்தில் போடுவார்கள். முத்துசெல்வி அன்றைக்கே எழுதிக் கேட்டுச் சேர்ந்துகொண்டாள்.

ஜூன் மாதத்துக்கு வந்த தலைப்பு, நீரோடு சேர்ந்த பழைய இடங்கள். அவளுக்கு உடனே குற்றாலம் பேரருவிதான் ஞாபகம் வந்தது. அந்தப் பாறையில் எந்தக் காலத்திலோ செதுக்கிய சிவலிங்கங்கள் இருக்கின்றன. தண்ணீர் மெலிந்து விழும்போதுதான் அவை நன்றாகக் கண்ணுக்குப் படும். அந்த வருஷம் ஜூன் பாதி போயும், அருவியில் தண்ணீர் விழும் சீசன் தொடங்கவில்லை. பாறை காய்ந்து கிடந்தது.

சங்கடம் என்னவென்றால், அவள் வீட்டுக்காரர் இசக்கியப்பனுக்கு அருவிக்கரை ரோட்டில் சீசன் கடை. ரம்புட்டான், மங்குஸ்தான், நேந்திரங்காய் சிப்ஸ். தண்ணீர் விழுந்தால்தான் ஊருக்கு ஆள் வரும்; அந்த மூன்று மாத வியாபாரம்தான் வருஷம் முழுவதும் குடும்பத்தைத் தாங்கும். காலையில் எழுந்ததும் அவர் மலையைப் பார்ப்பார். முத்துசெல்வி போனில் வானிலை பார்ப்பாள்.

குறித்த நாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாய் தவறி வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டு நாளு தண்ணி வராம இருந்தா போதும்."

இசக்கியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"என்னட்டி சொல்லுத? ஊரே வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. கடையில பழம் அழுவுது. ஒனக்குத் தண்ணி வரக் கூடாதோ?"

"ரெண்டு நாளுதானே கேட்டேன்."

"யாருக்கு அந்தப் படம்? இங்கன ஒருத்தனும் பாக்கப் போறதில்ல."

அவர் சாப்பிடாமல் கடைக்குப் போனார். அவள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கேட்டது தப்பு என்று தெரிந்தது. மழை வரக் கூடாது என்ற நினைப்பை மட்டும் விட முடியவில்லை.

சனிக்கிழமை காலை இலத்தூரில் ஒரு கல்யாணம். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே ஒத்துக்கொண்டது. மண்டபத்து வாசலுக்கு வரும்போதெல்லாம் மலையைப் பார்த்தாள். பத்து மணிக்கு உச்சியில் கொஞ்சம் மேகம். பதினொன்றுக்கு மலையே தெரியவில்லை. பந்தி நடக்கும்போதே சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். குற்றாலத்துக்குள் நுழையும்போது உடம்பு முழுவதும் நனைந்திருந்தது. அருவிக்கு முன்னால் போய் நின்றபோது தண்ணீர், குளிப்பவர்களுக்கு மேலே கட்டிய பாதுகாப்பு வளைவைத் தாண்டிச் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. லிங்கமும் இல்லை, பாறையும் இல்லை. போலீஸ்காரர்கள் குளிக்க இறங்கியவர்களை வெளியேற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் குளிக்கத் தடை. அப்படியும் பஸ்ஸிலும் வேனிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். போலீஸ் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம், தோளில் துண்டோடு, தலையில் எண்ணெயோடு நின்றார்கள். முத்துசெல்வியும் போனாள். வீட்டில் இருக்க முடியாமல்தான் போனாள். கூட்டத்தின் நடுவில் ட்ரைபாடை விரித்தாள்.

"யக்கா, இங்கன ஸ்டாண்டு வைக்கக் கூடாது. யாரும் தட்டி விழுந்தா எங்க தலையிலதான் விடியும்." காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் மஞ்சு. போன தை மாதம் அவள் கல்யாணத்தைப் படமெடுத்ததே முத்துசெல்விதான்.

"அஞ்சே நிமிசம் தா, மஞ்சு. இன்னைக்கு விட்டா முடிஞ்சிது."

மஞ்சு சுற்றும் முற்றும் பார்த்தாள். "அஞ்சு நிமிசந்தான். அதுக்கு மேல போச்சுன்னா நானே தூக்கிருவேன்."

கேமரா ஒரே புள்ளியில் நின்று சுழல வேண்டும். சுற்றி ஆறு படம், மேலே ஒன்று, கீழே ஒன்று. எட்டையும் கம்ப்யூட்டரில் ஒட்டும்போது நடுவில் யாராவது நகர்ந்திருந்தால் அவருக்கு இரண்டு தலை வரும், அல்லது பாதி உடம்பு காணாமல் போகும். முதல் தடவை ஒருவர் குறுக்கே நடந்தார். இரண்டாவது தடவை ஒரு குடும்பமே செல்பி எடுக்கத் திரும்பியது. மூன்றாவது தடவைக்குள் மஞ்சுவுக்குப் பொறுமை போய்விட்டது. முத்துசெல்வியின் பக்கத்தில் வந்து நின்று விசிலை எடுத்து நீளமாக ஊதினாள்.

என்னமோ ஏதோ என்று அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழெட்டு விநாடி யாரும் அசையவில்லை. அதற்குள் முத்துசெல்வி ஆறு படத்தையும் எடுத்துவிட்டாள். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று.

வீட்டில் ஒட்டிப் பார்த்தாள். ஒட்டு எங்கேயும் தெரியவில்லை. ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் முகங்கள். அருவியை ஒருவர்கூடப் பார்க்கவில்லை, எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். லிங்கம் ஒன்றுகூட இல்லை. இதைப் பழமையான இடம் என்று எப்படி அனுப்புவது? இரண்டு தடவை அழிக்கப் போனாள்.

குளித்துத் திரும்புகிறவர்கள்தான் பழம் வாங்குவார்கள்; வியாபாரம் இல்லாததால் இசக்கியப்பன் அன்று சீக்கிரம் வந்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை. பின்னால் வந்து நின்றார்.

"என்ன, எல்லாரும் நம்மளையே பாக்குதாவ?"

அவள் மவுஸை அவர் கையில் கொடுத்தாள். அவர் படத்தை மெதுவாகத் திருப்பினார். அருவிக்கு நேர் எதிர்ப்பக்கம், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, அவர் கடை. குவித்த ரம்புட்டானுக்குப் பின்னால் அவர் எழுந்து நின்று விசில் வந்த பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு முன்னால் ஓர் ஆள்கூட இல்லை.

மவுஸை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "தண்ணி வரலன்னு கெடந்து தவிச்சேன். வந்துச்சு, தடையும் கூடவே வந்துட்டு. வெள்ளிக்கிழம நீ கேட்டதத்தான் இப்ப நானும் கேக்கேன். கொஞ்சம் கொறையணும்."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"விடு. அனுப்பிரு."

அன்று ராத்திரியே அனுப்பினாள். 'செதுக்கிய லிங்கங்கள் இந்தத் தண்ணீருக்குப் பின்னால் இருக்கின்றன' என்று அடியில் எழுதினாள். படங்களைச் சரிபார்க்கும் மார்த்தா போர்ச்சுகலில் இருந்து பதில் போட்டாள். தண்ணீர் குறைவாக இருக்கும்போது எடுத்தது உண்டா, ஆனால் அதுவும் அந்தச் சனி, ஞாயிறில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். இல்லை என்று எழுதியதும், அப்படியானால் இதுவே இருக்கட்டும் என்று வரைபடத்தில் ஏற்றிவிட்டாள்.

படத்துக்குக் கீழே யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: "இவ்வளவு பேர் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?"

முத்துசெல்வி நடந்துகொண்டே மூன்று பதில் எழுதி மூன்றையும் அழித்தாள். கடைசியில், "தண்ணீர் கொஞ்சம் குறைவதற்காக" என்று எழுதினாள்.

வியாழக்கிழமை தடை நீங்கியது. கூட்டம் தாங்கவில்லை, உடனே வா என்று இசக்கியப்பன் போன் செய்தார். இருட்டும்வரை அவள் கடையில் நின்று பழம் நிறுத்துக் கொடுத்தாள். இடையில் ஒருமுறை அருவிப் பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தாள். வலது ஓரத்தில் ஒரே ஒரு லிங்கம் தெரிவது போல இருந்தது. சாரலில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.