பந்தலுக்குக் கேட்ட வயர்

தாராவியில் சின்னதாக ஒரு பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஆறு நாள் கிரீஸ், ஏழாவது நாள் காடு. ஞாயிறு விடிந்தால் முலுண்டுக்கு வண்டியை விட்டு, வனத்துறை காக்கும் மலையோரம் நடப்பேன். மிளாவின் குளம்புத்தடம் தெரியும். மந்தி இருமுகிற மாதிரிக் கத்தினால் பக்கத்தில் சிறுத்தை நடக்கிறது என்றும் தெரியும். சிறுத்தையை மட்டும் போன வருடம் வரை பார்த்ததே இல்லை.

மலையடியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தோட்டம் போட்டிருந்தார். பாகல் பந்தல் கட்டப் பழைய கிளட்ச் வயர் கேட்டார். ஒரு பை நிறையக் கொடுத்தேன். கடைக் குப்பையைக் கொடுத்துவிட்டுக் கர்ணன் என்ற நினைப்பு வேறு எனக்கு.

போன வருடம் ஒரு ஞாயிறு, மலையோரம் நடந்துகொண்டிருந்தபோது அவர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, வயர் வெட்டுற சாமான எடுத்துட்டு ஓடியாங்க."

வண்டிப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடினேன். தோட்டத்து வேலியில் ஒரு பெண் சிறுத்தை. இடுப்பில் சுருக்கு. அது இழுக்க இழுக்க வயர் இறுகியது. வயரின் முனையில் ஈயக் குண்டு. நான் கொடுத்த கிளட்ச் வயரேதான்.

"பந்தலுக்குன்னுல்லா வாங்கிட்டுப் போனீரு?"

"பன்னிக்குத்தான் வச்சேன் அண்ணாச்சி. கெழங்க பூரா தோண்டிப் போடுது. இது வந்து மாட்டும்னு யாரு கண்டா?"

அவரை அறைய வேண்டும்போல இருந்தது. ஒரு ஞாயிறாவது அந்தப் பந்தலை எட்டிப் பார்த்தேனா? என்னை யார் அறைவது?

வனத்துறைக்கு நானே போன் போட்டேன். முதலில் வந்த ஃபாரஸ்ட் கார்டு எங்களைத் தள்ளி நிறுத்தினார். மயக்க ஊசி போடும் டாக்டர் டிராஃபிக்கில் மாட்டியிருக்கிறார் என்றார். தினமும் வயர் அறுக்கிற கை இது. இருபதடி தூரத்தில் பிளேயரோடு நிற்கிறேன். ஓரடி வைத்தாலும் அது மிரண்டு இழுத்தது, வயர் இன்னும் உள்ளே போனது. அதனால் அசையாமல் நின்றேன். அது என்னையே பார்த்தது. அழுகைதான் வந்தது.

வெயில் ஏறியது. இழுப்பது குறைந்தது, பிறகு நின்றுபோனது. அதற்கப்புறம்தான் டாக்டரின் ஜீப் வந்தது. அவர் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கிசீ கே பாஸ் கட்டர் ஹை க்யா?" யாரிடமாவது கட்டர் இருக்கிறதா என்று கார்டு கேட்டார்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரோமம் இன்னும் சூடாக இருந்தது. ஒரே அழுத்து. வயர் அறுந்தது.