தூங்கறப்போ கெளம்பி வந்த நாள்

ராகிப் பால் அடுப்புல கொதிக்கற வாசம் இருக்கே... இன்னைக்கும் அது மூக்குல ஏறுச்சுன்னா போதும், சரவணம்பட்டியில அந்த ஏழாவது மாடி கிச்சன்ல போய் நின்னுருவேன்.

என்ற ஊட்டுக்காரருக்கு மில்லுல வேலை போனதுக்கப்புறம் நான் போன மொத வேலை அது. குழந்தை பாத்துக்கறது. அன்னூர்ல இருந்து காலையில ஏழு மணி பஸ். பாப்பா பேரு ஆதிரா. நான் சேர்றப்போ ஒம்பது மாசம். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஐடி கம்பெனி. நல்ல மனுசங்க, அதையும் சொல்லிப்போடறேன்.

சரசுங்கற என் பேரு அவளுக்கு வாயில வராது. "சச்சு"ம்பா. ராகிப் பால்ல துளி கட்டி இருந்தாலும் என் மேலயே துப்பிருவா. ஜன்னல்ல நின்னு தண்ணி லாரி எண்ணுவா... ஒண்ணு, ரெண்டு, ஏழு! தூங்கோணும்னா என் முந்தானை நுனிய விரல்ல சுத்திக்கோணும்.

ரெண்டே முக்கால் வருசம் அப்படியே ஓடிப்போச்சு.

ஒரு நாள் சோறு ஊட்டிட்டு இருக்கறேன், அவளேதான் சொன்னா. "சச்சு, நாம ஏரோபிளேன்ல புது வீட்டுக்குப் போறோம். நீ ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோ."

சாயங்காலம் அவ அம்மாகிட்ட கேட்டேன். அவங்க மூஞ்சியே மாறிப்போச்சு. "சாரி சரசு... ஜெர்மனிக்கு ட்ரான்ஸ்ஃபர். முன்னாடியே சொன்னா நீங்க வேற வேலை பாத்துட்டுப் போயிருவீங்களோன்னு பயந்துட்டோம்."

அடுத்த வாரமே ஃப்ளைட்டு.

கடைசி நாள் மத்தியானம் பாப்பாவத் தூங்க வெச்சேன். அவ அம்மா மெதுவா வந்து, "இப்பவே கெளம்பிருங்க சரசு... முழிச்சா உங்கள விடமாட்டா, ரொம்ப அழுவா"ன்னாங்க. அவங்க கண்ணுலயும் தண்ணிதான். நானும் சரிங்கன்னு, அவ விரல்ல இருந்து முந்தானைய ஒவ்வொரு சுத்தா எடுத்தேன்...

லிஃப்ட்ல அழுகல. பஸ்லயும் அழுகல. ஊட்டுக்கு வந்து செருப்பக் கழட்டறப்போதான் வந்துச்சு.

முழிச்சிருப்பாளே. தேடியிருப்பாளே. சச்சு எங்கன்னு கேட்டிருப்பாளே.

"அடுத்தவங்க ஊட்டுப் புள்ளைக்கு இத்தன அழுகையா அம்மணி? வேற வேலை பாத்துக்கலாம் விடு"ன்னாரு ஊட்டுக்காரர். நல்லதுக்குத்தான் சொன்னாரு. ஆனா அவருக்கு எப்படிப் புரிய வெக்கறதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டு இடத்துல இருந்து வேலைக்குக் கூப்புட்டாங்க. போனே எடுக்கல.

பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு வாசல்ல ஒரு குரல். "ஏனுங்க சரசு..."

பிலோமினா அக்கா! அதே அபார்ட்மெண்ட்ல வேற ப்ளாக்ல ரெட்டைக் குழந்தைகளப் பாத்துக்கறவங்க. சாயங்காலம் பார்க்குல குழந்தைகள வெளையாட உட்டுட்டு நாலு வார்த்தை பேசுவோம், அவ்ளோதான் பழக்கம். பஸ் புடிச்சு, அன்னூர் பஸ் ஸ்டாண்டுல விசாரிச்சு விசாரிச்சு வந்திருக்காங்க. கையில ஒரு கவர் தேங்கா பன்னு.

ஆறுதல்னு ஒண்ணும் சொல்லல. பன்ன பிச்சுக் குடுத்துட்டு சொன்னாங்க. "நான் மொதல்ல வளத்த பையன் இப்ப காலேஜ் போறானுங்க. ரோட்டுல பாத்தா என்னைய அடையாளம் தெரியாது. அவன் பொறந்த நாளைக்கு மட்டும் சர்ச்சுல ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன். நீங்க அழுகறது நெசமான துக்கந்தானுங்க. யாருக்கும் வெளக்கம் சொல்ல வேண்டியதில்ல."

அந்த ஒரு வார்த்தைய அதுவரைக்கும் யாருமே எனக்குச் சொல்லலீங்க...

அந்த ஞாயித்துக்கெழமை அவங்க சர்ச் ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஏழு பேரு, எல்லாம் குழந்தை பாத்துக்கறவங்க. ரிட்டயர் ஆன நர்ஸம்மா ஒருத்தங்க ஒரு பொம்மைய வெச்சு, குழந்தை தொண்டையில ஏதாச்சும் சிக்குனா முதுகுல எப்படித் தட்டோணும்னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க. எனக்கும் கத்துக் குடுத்தாங்க.

டீ குடிக்கறப்போ என் கதையச் சொன்னேன். உக்கடத்துல இருந்து வர்ற நூர்ஜஹான் கேட்டா, "புள்ள போனது ஒரு வலி... சொல்லாம வந்தது அதவிட வலிக்குதுல்ல?"

ஆமான்னு சொல்ல வாயத் தொறந்தேன், அழுகைதான் வந்துச்சு.

"அப்ப இனி நம்மள்ல யாரும் அப்படி வர வேண்டாம்"னா அவ.

அன்னைக்கு முடிவு பண்ணுனோம். வேலைக்குச் சேர்றப்பவே கேட்டுக்கோணும்... நிறுத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி சொல்லோணும். குழந்தை முழிச்சிருக்கறப்போ, அதுகிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்பறது. சில ஊட்டுல சிரிச்சாங்க. ஒரு ஊட்டுல "வேலைக்கு வர்றவங்க ரூல்ஸ் போடறீங்களா"ன்னு கதவச் சாத்துனாங்க. சரின்னு வந்துட்டோம்.

அடுத்து பீளமேட்டுல கவின்னு ஒரு பையன். அவன் முழுநேர ஸ்கூல் போக ஆரம்பிக்கறப்போ என் வேலை முடிஞ்சுது. பிலோமினா அக்காவும் கூட வந்து பையன்கிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்போணும்னு அவன் அப்பா அம்மாகிட்ட பேசுனாங்க. அவங்க சரின்னுட்டாங்க. நான் போகப்போறேன்னு ரெண்டு வாரம் அவன்கிட்ட தெனமும் சொன்னேன்.

கடைசி நாள் என் செருப்பத் தூக்கிட்டுப் போய் கட்டிலுக்கடியில ஒளிச்சு வெச்சுட்டான். நான் தரையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல அவனே எடுத்துட்டு வந்தான். "நாளைக்கு நீங்க வரமாட்டீங்க, எனக்குத் தெரியும்"னு சொல்லி என் காலுகிட்ட வெச்சான்.

அன்னைக்கு பஸ்லயே அழுதேன். ஆனா ஊட்டுக்கு வந்து நல்லா சாப்புட்டேன். மறுவாரமே புது வேலைக்கும் போயிட்டேன்.

அப்பல்லாம் இந்த வேலையில ஒருத்தி ஒடஞ்சு போனா, அவ ஊட்டுக்குள்ளயே கெடக்க வேண்டியதுதான். இப்ப எங்க வாட்ஸ்அப் குரூப்புல "இன்னைக்கு கடைசி நாள்"னு ஒருத்தி போட்டா, அவ பஸ் ஏறுறதுக்குள்ள நாலு பேரு கூப்புட்டிருவோம்.

ஆதிரா இப்ப பெரிய க்ளாஸ் படிச்சிட்டு இருப்பா. என்னைய ஞாபகம் இருக்காது. பரவால்லீங்க...

நேத்து பல்லடத்துல இருந்து எங்க குரூப்புல இருக்கற கோமதி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிச்சிருந்தா. அவ பாத்துக்கற குழந்தையோட குடும்பம் சென்னைக்குப் போகுதாம். "குழந்தைகிட்ட சொல்லிட்டுப் போறேன்னு அவங்ககிட்ட எப்படிக்கா கேக்கறது? வாயே வர மாட்டேங்குது."

"நான் வாரேன் கண்ணு. பக்கத்துல உக்காந்துக்கறேன். ஆனா பேசறது நீதான்"னு சொல்லிட்டேன்.

நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் போறோம்.