சுந்தரவல்லியின் சோப்பு டப்பா பரீட்சை

சுந்தரவல்லிக்குக் கோபம் வந்தால் சாம்பாரில் உப்பு ஏறாது, ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன்தான் சூடாகும். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டு ஃபிளாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வாரம் மூன்று நாளாக அயர்ன் ஆறவே இல்லை. சங்கச் செயலாளர் ஷ்யாம்சுந்தர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டிருந்தார்: "ஞாயிறு மீட்டிங்கில் தண்ணீர் கன்ட்ரோலர் பெட்டியைக் கழற்றிவிட்டு வேறு வாங்குவது பற்றி முடிவெடுக்கப்படும்."

அந்தப் பெட்டி அவள் கையால் செய்தது. மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானே மோட்டாரைப் போடும், நிரம்பினால் நிறுத்தும். கீழ்த்தொட்டியான சம்ப் வற்றிவிட்டால் மோட்டார் எரிந்துபோகாமல் காப்பாற்றும். மாட்டி நாலு மாதமாகிறது. நல்ல பெட்டிதான். ஆனால் பத்துத் தடவைக்கு ஒரு தடவை, மோட்டாரைப் போட்ட கையோடு, சம்ப்பில் தண்ணீர் இல்லை என்று கூசாமல் பொய் சொல்லி நிறுத்திவிடும். கீழே சம்ப் தளும்பிக்கொண்டிருக்க, மூன்றாவது மாடியில் முகத்தில் சோப்போடு ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். அந்த ஒருவர் பெரும்பாலும் ஷ்யாம்சுந்தர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

பெட்டியின் புரோகிராமை மூன்று தடவை மாற்றி எழுதினாள். சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் சென்சாரை இரண்டு தடவை மாற்றினாள். சென்சார் ஒயரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு வோல்ட், சாது மாதிரி.

"கம்பெனி பெட்டி வாங்கி மாட்டிக்கட்டுமே வல்லி, உனக்கென்ன வந்தது?" என்றார் கணவர் சாம்பசிவன்.

"எனக்கென்னவா? அதுல என் பேர் எழுதி ஒட்டியிருக்கேங்க!"

கண் இமைக்கும் நேரத்தில் எதுவோ வந்துவிட்டுப் போகிறது, அதை மல்டிமீட்டரால் பிடிக்க முடியாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைக் கோடாக வரைந்து காட்ட ஆஸிலோஸ்கோப் வேண்டும். எத்தனையோ வருடமாக வாங்க நினைத்துத் தள்ளிப்போட்ட சாமான். இனித் தள்ளிப்போட நேரமில்லை.

சாமான் வாங்குவதுதான் அவளுக்குச் சோறு போடும் தொழில். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கொள்முதல் பிரிவு அதிகாரி. பதினெட்டு வருடமாக விற்பனைக்காரர்களின் வாய்ப்பந்தலைக் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: கேட்லாக் பேசக்கூடாது, சாமான் பேச வேண்டும். ஒரு பழைய சோப்பு டப்பாவில் ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு பொத்தான் மூன்றையும் சால்டர் வைத்து இணைத்தாள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தாம்பரத்தில் பீச் ரயிலைப் பிடித்து எழும்பூரில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனாள்.

கடைக்காரர் ஜெஃப்ரி முதலில் உள்ளங்கையளவு ஸ்கோப் ஒன்றை நீட்டினார். "ஹாபிக்கு இது போதும் மேடம். லேடீஸ் தூக்கிட்டுப் போக ஈஸி."

"கேஸ் சிலிண்டரே தூக்குறோம் சார். முதல்ல இதுல ஒயரை மாட்டுங்க."

அவள் நீட்டிய சோப்பு டப்பாவில் அவர் ஒயரை மாட்டியதும் பொத்தானை அழுத்தினாள். பொத்தான் அழுத்தினால் உள்ளே தகடு ஒரேயடியாக ஒட்டிவிடாது. நாலைந்து தரம் துள்ளிவிட்டுத்தான் உட்காரும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துள்ளலைப் பிடிக்கிறதா என்பதுதான் பரீட்சை. கையடக்கக் கருவி ஒரே ஒரு படியை வரைந்துவிட்டுச் சும்மா இருந்தது. துள்ளலைக் காணோம். ஃபெயில்.

அடுத்து, மூலையில் செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய சி.ஆர்.ஓ., பழைய கண்ணாடிக் குழல் ஸ்கோப். அதைப் பார்த்ததும் சுந்தரவல்லி தானாகக் கிட்டே போனாள். டிப்ளமோ படித்தபோது லேபில் நாலு பேருக்கு ஒன்று, இதே மாதிரி. பையன்கள் குமிழைத் திருப்புவார்கள். 'உன் கையெழுத்து அழகா இருக்கு, நீ ரீடிங் எழுது' என்று இவளை உட்கார வைத்துவிடுவார்கள். மூன்று வருடம் எழுதினாள். ஒரு குமிழைக்கூடத் தொடாமல் முதல் வகுப்பில் தேறினாள். அந்த ஆத்திரம் இன்றைக்கும் தீரவில்லை.

குமிழ் ஒவ்வொன்றையும் ஆசை தீரத் திருப்பினாள். பச்சைக் கோடு ஏறியது, இறங்கியது, அகலமானது. ஜெஃப்ரி சிரித்தார். "பிடிச்சுப்போச்சுபோல. எடுத்துக்குங்க, சல்லிசா தர்றேன்."

பொத்தானை அழுத்தினாள். பச்சையாக என்னவோ மின்னி மறைந்தது. அவ்வளவுதான். வந்ததைக் காட்டும், பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாது. பாசம் வேறு, பர்சேஸ் வேறு. மனசில்லாமல் கையை எடுத்தாள்.

"அப்ப இருநூறு மெகாஹெர்ட்ஸ் மாடல் பாருங்க மேடம், டாப் பீஸ்."

"என்னோடது தண்ணி மோட்டார் சார், ராக்கெட் இல்ல. ஐம்பதே தாராளம். எனக்கு வேகத்தைவிட பொறுமைதான் முக்கியம். ரெண்டு இடத்தை ஒரே நேரத்துல பார்க்கணும். நான் சொன்னது வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வந்ததும் பிடிச்சு நிறுத்திவெச்சுக் காட்டணும்."

ஜெஃப்ரி இப்போது அவளை ஒழுங்காக நிமிர்ந்து பார்த்தார். பேச்சை நிறுத்திவிட்டு, இரண்டு சேனல் உள்ள டிஜிட்டல் ஸ்கோப் ஒன்றை எடுத்து வைத்தார். பொத்தானை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு துள்ளலும் திரையில் அப்படியே நின்றன.

"பில் போடுங்க."

சனிக்கிழமை காலை மோட்டார் ரூமில் கடை விரித்தாள். ஃபிளாட்டின் குழாய் வேலை, மோட்டார் வேலை எல்லாம் பார்க்கிற லாசரஸ் துணைக்கு நின்றார். பெட்டி மோட்டாருக்குப் போடும் உத்தரவு ஒரு சேனலில், சம்ப்பிலிருந்து வரும் சென்சார் ஒயர் இன்னொன்றில். பெட்டியின் கை ஸ்விட்சைத் தட்டித் தட்டிப் போட்டதில் ஏழு தடவை மோட்டார் ஒழுங்காக ஓடியது. எட்டாவது தடவை டக்கென்று நின்றது, திரையில் படம் உறைந்தது. மோட்டார் கிளம்பும் அதே நொடியில் சென்சார் ஒயரில் ஊசி மாதிரி ஒரு முள்.

"மாட்டினியா!" என்று கத்தியேவிட்டாள். மறு நிமிடம் முகம் மாறியது. மோட்டார் ஒயரில் கிளம்பிய முள் சென்சார் ஒயருக்கு எப்படித் தாவியது? இரண்டும் ஒரே பைப்புக்குள் ஒட்டிப் படுத்துக்கொண்டு வருகின்றன.

லாசரஸ் தலையைச் சொறிந்தார். "நான் அன்னிக்கே கேட்டேன்க்கா. ரெண்டையும் ஒரே பைப்ல வுட்டா ஒண்ணும் ஆவாதான்னு. நீங்கதான், பன்னெண்டு வோல்ட்டுதானே, சும்மா வுடுங்கன்னீங்க."

சொன்னாள். நன்றாக ஞாபகம் இருந்தது. அடக் கடவுளே என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள். சாயங்காலத்துக்குள் சென்சார் ஒயருக்கு இருவரும் தனிப் பைப் இழுத்து முடித்தார்கள்.

ஞாயிறு மீட்டிங்கில் ஸ்கோப் பிடித்து வைத்த படத்தைக் காட்டி விளக்கினாள். ஷ்யாம்சுந்தர் முழுக்கக் கேட்டார். "ஆக, பெட்டியில ஃபால்ட் இல்ல. பைப் போட்டதுல ஃபால்ட். அதாவது லாசரஸ் வேலை. அப்ப மாத்த வேண்டியது பெட்டியை இல்ல, ஆளைத்தான்."

வாசலோரம் நின்ற லாசரஸ் ஒரு அடி பின்னால் போனார். மற்ற வீடெல்லாம் தலையாட்டியது. சுந்தரவல்லி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பெட்டியும் தப்பும், பேரும் தப்பும்.

"இல்ல சார்," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பைப் போட்டது அவரு. அப்படிப் போடச் சொன்னது நான். ஒண்ணும் ஆவாதான்னு அவர் அன்னிக்கே கேட்டாரு, நான்தான் காதுல போட்டுக்கல. தப்பு என்னோடது."

சாம்பசிவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷ்யாம்சுந்தர் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். "அப்ப... இனிமே நிக்காதுன்னு எப்படி மேடம் நம்பறது?"

"நம்ப வேணாம். கீழே வாங்க. நீங்களே மோட்டாரைப் போடுங்க."

"பத்துத் தடவை போடலாமா?"

"இருபது போடுங்க. ஒண்ணு தப்பினாலும் பெட்டியை நானே கழட்டிக் கையில தர்றேன்."

கூட்டம் மொத்தமும் மோட்டார் ரூமுக்கு இறங்கியது. இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகச் செயலாளரே போட்டார். லாசரஸ் ஏலம் விடுகிற குரலில் எண்ணினார். பன்னிரண்டாவதில் யாரோ காபி கொண்டுவந்தார்கள். மறுபடி ஒயர்களில் மாட்டிய ஸ்கோப் முள்ளுக்காகக் காத்துக்கொண்டே இருந்தது. திரை மூலையில் 'ரெடி' என்ற ஒரு சொல், வேறெதுவும் இல்லை. இருபதாவது தடவையும் மோட்டார் சீராக ஓடியது.

"சரி மேடம், பெட்டி இருக்கட்டும். லாசரஸும் இருக்கட்டும்," என்றார் ஷ்யாம்சுந்தர். அவர் கண் ஸ்கோப்பின் மேலேயே இருந்தது. கை தானாக நீண்டது. "இந்தக் குமிழை ஒரு தடவை திருப்பிப் பார்க்கலாமா?"

"தாராளமா சார்," என்றாள் சுந்தரவல்லி. "ஆனா முதல்ல லாசரஸ்."

லாசரஸ் கையைச் சட்டையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.