அத்தைக்குப் புரியாத [D

வண்டன்மேட்டில் அத்தைக்குச் சொந்தமாக ஒரு ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பிச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். கல்லூரி முடித்த கையோடு, தட்டுகளின் சூட்டைத் திரையில் காட்டும் ஜாவா புரோகிராம் ஒன்றை எழுதி அங்கே ஓட விட்டேன். ஒரு வாரம் பார்ப்பேன், சரிப்படாவிட்டால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விடு என்று சொல்லித்தான் அத்தை சம்மதித்தாள். நான் எழுதியதை நிஜமாகவே ஒருவர் பயன்படுத்தியது அங்கேதான். விடுவேனா?

ஒரு மழை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தையின் போன்.

"ஏட்டி, கதவைத் தொறந்துட்டேன். சீக்கிரம் வா."

ஸ்டோரில் அதுதான் பழக்கம். உள்ளே என்ன நடக்கிறதென்று புரியவில்லையா, முதலில் கதவைத் திற. காய் கருகுவதைவிட ஆறுவது மேல். ஆனால் ரொம்ப ஆறினால் பச்சை நிறம் போய்விடும். ஏலத்தில் அந்தக் காயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

கை கழுவிக்கொண்டு ஓடினேன். திரையில் இப்படி இருந்தது: "ஓர் எண் தேவை. வந்திருப்பது: [D".

"இது என்ன பாஷைட்டி? நான் ஜெபம் பண்ணிட்டுல்லா கதவைத் தொட்டேன்."

"சூட்டுல ஒரு கோளாறும் இல்ல அத்தை. சாத்துங்க."

"இது என்னன்னு சொல்லு. சாத்துதேன்."

எனக்குத் திரையைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டிருந்தது. ஒரு தட்டின் சூடு போக வேண்டிய இடத்துக்கு எல்லாத் தட்டுகளின் சூடும் ஒரே அரேயாக, அதாவது ஒரே வரிசையாகப் போயிருந்தது. அரேயின் வகைப்பெயரை getName-இடம் கேட்டால் ஜாவா இப்படித்தான் உளறும். getSimpleName என்று மாற்றி ஓட்டினேன். double[] என்று வந்தது.

"இப்போ தெளிவா இருக்குல்லா?"

"யாருக்கு?"

நியாயமான கேள்வி. வந்தது அரேயா என்று முதலில் பார்த்து, அதற்குள் இருப்பதன் வகைக்கு நானே ஒரு தமிழ்ப் பெயர் வைத்தேன். இப்போது திரை சொன்னது: "ஓர் எண் தேவை. வந்திருப்பது: எண்களின் வரிசை".

அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள்.

"ஒண்ணு கேட்ட இடத்துல மொத்தத்தையும் கொட்டியிருக்கு. காய்க்கு ஒண்ணுமில்ல. அப்படித்தான?"

"அதேதான்."

"கொட்டுனது யாரு?"

அந்த நொடியில் பழைய [D-யே தேவலை என்று தோன்றியது.

"நான்தான்."

அத்தை கதவைச் சாத்திவிட்டுத் தீயைக் கூட்டினாள். நான் புரோகிராமில் மொத்தத்தையும் அனுப்பிய அந்த ஒரு வரியைத் திருத்தினேன். மறுநாள் தட்டை இழுத்துப் பார்த்தோம். காய் பச்சையாகவே இருந்தது.

"கம்ப்யூட்டர் இங்கயே கெடக்கட்டும்," என்றாள் அத்தை. "உன்னய மாதிரி இல்ல. தப்பு என்னன்னு வெளங்குத மாதிரி சொல்லுது."